ஏழாம் பாடத்தின் கடைசி வரி

மார்ச் 3, திங்கள்

பதினொரு வருடம் வாயை மூடிக்கொண்டு இருந்தாயிற்று. போதும். இனி இங்கே நடப்பதை நடந்தபடி எழுதி வைக்கப்போகிறேன். பிறகு யாரும் 'அவர் அப்போதே சொல்லவில்லையே' என்று பேசக் கூடாது.

இன்று துறைக் கூட்டம். சீனாவின் இந்தக் குய்யாங் நகரில் மூன்று நாள் சேர்ந்தாற்போல் வெயில் அடிக்காது. இன்றும் மழை. ஆசிய மொழிகள் துறையின் இயக்குநர் காவ் நாற்பது நிமிடம் பேசினார். பேச்சின் தலைப்பு 'அயல்மொழிப் பாடங்களுக்குள் சீனப் பண்பாட்டைக் கொண்டுவருதல்'. நம் மாணவர்கள் அடுத்தவர் பண்டிகைகளை அழகாக விவரிக்கிறார்கள், சொந்த வீட்டைப் பற்றி அந்த மொழியில் நான்கு வாக்கியம் பேச முடியவில்லை என்றார். ஒவ்வொரு மொழிக்கும் புதிய நூல் ஒன்று வரப்போகிறதாம். தாய்லாந்து மொழி, பர்மியம், இந்தி எல்லாம் தயார். தமிழ் நூலும் தயார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. எழுதியது லின், என்னோடு தமிழ் சொல்லித்தரும் சீனப் பெண். தமிழ்ப் பெயர் இளவேனில். பெய்ஜிங்கில் தமிழ் படித்துவிட்டுப் புதுச்சேரியில் ஒரு வருடம் இருந்தவள், வயது முப்பத்தொன்று. எனக்கு ஐம்பத்திரண்டு. இந்தப் பல்கலைக்கழகத்தில் தமிழ் சொல்லித்தரும் ஒரே தமிழன் நான்தான்.

கூட்டம் முடிந்ததும் காவைப் பிடித்தேன். நாங்கள் ஆங்கிலத்தில் பேசிக்கொள்வோம்.

"தமிழ் படிக்க வந்தவனுக்குத் தமிழர் வாழ்க்கையைத்தானே சொல்லித்தர வேண்டும்? சீனத் தேநீரைப் பற்றிப் பேசத்தான் சீன மொழி இருக்கிறதே."

"என் மாணவன் உங்கள் ஊருக்கு வருகிறான். அவனிடம் போய் உங்கள் ஊர் எப்படி என்றா கேட்பார்கள்? உன் ஊர் எப்படி என்றுதானே கேட்பார்கள்?"

இதற்கு என்னிடம் பதில் இருந்தது. அவருக்குச் சொல்லத் தோன்றவில்லை.

இளவேனில் பின்னாலேயே வந்தாள். "ஐயா, கோபப்படாதீங்க. உங்க இருபத்துநாலு பாடமும் அப்படியே இருக்கும். கூட இதுவும் இருக்கும், அவ்ளோதான்."

"வாரத்துக்கு எத்தனை மணி நேரம்?"

"ரெண்டு."

"எங்கேருந்து?"

"உங்களோட ஆறுலேருந்து."

நூலைப் பற்றிய கருத்துகளை எழுதி ஏப்ரல் 30 வரை ஆய்வுக் குழுவின் பெட்டியில் சேர்க்கலாம். பெயர் போட்டும் கொடுக்கலாம், போடாமலும் கொடுக்கலாம். ஆனால் தாய்மொழியாகத் தமிழ் பேசுகிற ஒருவர் பெயர் போட்டு எதிர்த்தால் குழு நூலை நிறுத்திவிடும். நூல் இல்லையென்றால் செப்டம்பரில் தமிழுக்குப் புதிய அணி கிடையாது. மூன்று வருடத்துக்கு ஒருமுறைதான் பன்னிரண்டு பேரை எடுக்கிறார்கள். கூட்டத்தில் இதைச் சொன்னபோது காவ் என்னைப் பார்க்கவில்லை. மற்ற எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

மார்ச் 6, வியாழன்

மூன்று நாளாகத் துணி காயவில்லை. குக்கர் காஸ்கெட் கிழிந்துவிட்டது. பருப்பு வேகாமல் சாம்பார் என்ற பெயரில் எதையோ சாப்பிட்டேன்.

மார்ச் 11, செவ்வாய்

என் இருபத்துநான்கு பாடங்களின் கதையை எழுதிவிட வேண்டும்.

'தமிழர் வாழ்வியல்'. பொங்கல், கோலம், வளைகாப்பு, கோயில் திருவிழா, விருந்தோம்பல், விடைபெறுதல். ஒவ்வொரு பாடத்தையும் நானே எழுதி, நானே தட்டச்சு செய்து, நகலெடுத்துக் கொடுத்தேன். அச்சிடச் சொல்லி ஆறு முறை விண்ணப்பித்தேன். ஆறு முறையும் 'அடுத்த ஆண்டு பார்க்கலாம்'. இது எனக்குப் புதிதல்ல. 2009இல் திருச்சியில் என் நெறியாளர் ஆனையப்பன் இப்படித்தான், அடுத்த வருடம், அடுத்த வருடம் என்று இழுத்தடித்து, கடைசியில் அந்த விரிவுரையாளர் இடத்தை எனக்கு மூன்று வருடம் பின்னால் வந்தவனுக்குக் கொடுத்தார். அவன் இப்போது துறைத் தலைவர். பொங்கலுக்கு வாழ்த்து அனுப்புகிறான். நான் பார்ப்பதோடு சரி.

இளவேனில் மூன்று வருடத்துக்கு முன் இந்த நூலைச் சேர்ந்து எழுதலாமா என்று கேட்டு மின்னஞ்சல் அனுப்பியிருந்தாள். நான்கோ ஐந்தோ இருக்கும். நான் பதில் போடவில்லை. அது வேறு விஷயம்.

மார்ச் 19, புதன்

பாளையங்கோட்டையிலிருந்து தங்கை சிவகாமி அழைத்தாள்.

"அண்ணே, அடுத்த வார வியாழக்கிழமை அம்மா திதி. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"வாரீங்களா?"

"லீவு கிடைக்காதும்மா."

"கேட்டுப் பாத்தீங்களா?"

அம்மா இறந்தது 2021இல். அப்போது எல்லையை மூடி வைத்திருந்தார்கள். போயிருந்தால் திரும்பி வந்திருக்க முடியாது. இதை அவளுக்கு எத்தனையோ முறை சொல்லியாயிற்று.

"நாலு வருசமா எங்க வீட்டுக்காரருதான் ஆத்துல நின்னு எள்ளும் தண்ணியும் விடுதாரு. ஐயரு ஒவ்வொரு தடவையும் மகன் எங்கன்னு கேக்காரு. சீனாக்காரனுக்குத் தமிழ் சொல்லிக் குடுக்காருன்னு நாங்களும் சொல்லுதோம். அவரு சிரிக்காரு."

"சிரிச்சா சிரிச்சிட்டுப் போறாரு."

"போன தடவை பத்து நாள் வந்து இருந்தீங்க. வாசல்ல ஆட்டோ வந்து நிக்கி. அம்மா படத்தைப் பாத்தீங்க, பையைத் தூக்குனீங்க, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம ஏறிப் போய்ட்டீங்க. தெருவே பாத்துச்சு."

"சாவு வீட்ல சொல்லிட்டுக் கிளம்பக் கூடாதுல்லா? உனக்குத் தெரியாதா?"

"ரெண்டு வருசத்துக்கு அப்புறமுமாண்ணே சாவு வீடு?"

லைன் கட்டாகிவிட்டது. இங்கே இணையம் எப்போதும் இப்படித்தான்.

மார்ச் 27, வியாழன்

நான்கு வகுப்பு. ஈரக் காலுறை. வேறு ஒன்றுமில்லை.

மார்ச் 31, திங்கள்

மூன்றாம் ஆண்டு மாணவி முல்லை விடுப்புக் கேட்டு வந்தாள். பன்னிரண்டு பேருக்கும் தமிழ்ப் பெயர் வைத்தது நான்தான். அவர்களுடைய சீனப் பெயர்கள் வருகைப் பதிவேட்டில் சீன எழுத்தில் இருக்கின்றன. நான் வரிசை எண்ணைப் பார்த்துக் குறிப்பேன்.

வெள்ளிக்கிழமை சிங்மிங். கல்லறைக்குப் போகும் நாள். ஊர் தூரம் என்பதால் ஒருநாள் முன்னதாகப் புறப்பட வேண்டுமாம். தமிழில் கேட்டால்தான் விடுப்பு என்பது என் விதி.

"சார், நான் ஊருக்குச் செல்ல வேண்டும். தாத்தாவுக்குத் திதி."

"உங்களுக்கு ஏதும்மா திதி?"

"பதினொன்றாம் பாடத்தில் அந்தச் சொல்தான் இருக்கிறது, சார்."

"சரி, அங்க போய் என்ன செய்வீங்க?"

"பிண்டம்..." என்று தொடங்கி நிறுத்தினாள். "இல்லை, சார். பிண்டம் இல்லை. ஐயர் இல்லை. புல்லை..." கையால் பிடுங்கிக் காட்டினாள். பிறகு துடைப்பது போல ஏதோ காட்டினாள். ஒரு சிறிய குவளையைச் சாய்த்து ஊற்றிக் காட்டினாள். "பிறகு தாத்தாவிடம் பேசுவோம்."

"என்ன பேசுவீங்க?"

நின்றாள். வாய் இரண்டு முறை திறந்து மூடியது. கண் கலங்கியது போல இருந்தது. நான் விடுப்புத் தாளை எடுத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

வளைகாப்பைப் பற்றிப் பிசிறில்லாமல் இருபது வாக்கியம் சொல்லும் பெண் இவள். மூன்று வருடம் படித்தும் இந்த லட்சணம். வீட்டில் பயிற்சி செய்வதில்லை.

ஏப்ரல் 4, வெள்ளி

விடுமுறை. வளாகத்தில் ஆள் இல்லை. சாப்பாட்டுக் கூடத்தில் இந்த ஊர்க்காரர்கள் விரும்பித் தின்னும், மீன் வாடை அடிக்கும் ஒரு வேரைத் தவிர எதுவும் மிஞ்சவில்லை என்றார்கள். அறையிலேயே ரசம் வைத்தேன்.

இளவேனிலின் கையெழுத்துப்படியை முதல் பக்கத்திலிருந்து படித்தேன். பதினாறு பாடங்கள். வசந்த விழா, தேநீர், அதிவேக ரயில், எழுத்துக் கலை. ஜியாவ்ட்ஸைச் 'சீனக் கொழுக்கட்டை' என்று எழுதியிருக்கிறாள். அதன் வயிற்றுக்குள் பன்றி இறைச்சி! பிள்ளையார் பார்த்தால் என்ன நினைப்பார்? நடையில் வழுக்கல்கள் உண்டு. ஆனால் நூலை நிறுத்தும் அளவுக்கு ஒன்றும் அகப்படவில்லை. எரிச்சலாக இருந்தது.

பிறகு ஏழாம் பாடம் வந்தது. 'கல்லறையைப் பெருக்கும் நாள்'. ஒரு குடும்பம் தாத்தாவின் கல்லறைக்குப் போகிறது. புல் பிடுங்குகிறார்கள், கல்லைத் துடைக்கிறார்கள், மது ஊற்றுகிறார்கள், தாத்தாவுக்குச் சேரட்டும் என்று தாளில் செய்த பணத்தை எரிக்கிறார்கள். எளிய வாக்கியங்கள். கடைசி வரியில் பேத்தி சொல்கிறாள்: "தாத்தா, நாங்க போய்ட்டு வரோம்."

நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அகப்பட்டுவிட்டது.

ஏப்ரல் 5, சனி

கடிதம் முடிந்தது. இரண்டு பக்கம். முக்கியமான பகுதியை மட்டும் இங்கே பதிகிறேன்:

'தமிழர் எவரும் மரண வீட்டிலிருந்தோ சுடுகாட்டிலிருந்தோ புறப்படும்போது "போய்ட்டு வரேன்" என்று சொல்வதில்லை. சொன்னால் அந்த வீட்டில் மறுபடி சாவு விழும் என்று அஞ்சுவார்கள். சொல்லாமல் எழுந்து போவதே மரியாதை. இந்த அடிப்படை வழக்கம்கூடத் தெரியாத ஒருவர் எழுதிய நூல், இந்த மாணவர்களைத் தமிழ்நாட்டின் எந்தத் துக்க வீட்டிலும் தலைகுனிய வைக்கும்.'

கீழே முழுப் பெயர், பட்டங்கள், பதவி எல்லாவற்றையும் எழுதியிருக்கிறேன். நூல் நின்றால் அடுத்த அணி வராது. அடுத்த அணி வராவிட்டால் என் ஒப்பந்தமும் முடிந்துவிடும். தெரிந்தேதான் எழுதுகிறேன். தமிழ் இப்படி நடப்பதைவிடத் தமிழே இங்கே இல்லாமல் போகட்டும்.

இருபத்தைந்து நாள் இருக்கிறது. முதலில் அவளிடம் நேரில் சொல்ல வேண்டும். முதுகில் குத்துவது ஆனையப்பனின் பழக்கம், என்னுடையதல்ல.

ஏப்ரல் 8, செவ்வாய்

சொன்னேன். ஆசிரியர் அறையில், இந்தி ஆசிரியர் எதிரில் இருக்கும்போதே சொன்னேன்.

"இளவேனில், ஏழாம் பாடத்தோட கடைசி வரியைப் படிங்க."

படித்தாள்.

"எங்க ஊர்ல யாரும் செத்தவங்ககிட்ட இப்படிச் சொல்ல மாட்டாங்க. இதைக் கேட்டா அடிக்க வருவாங்க."

அவள் முகம் சிவந்துவிட்டது. அலமாரியைத் திறந்து ஒரு கோப்பினை எடுத்தாள். என் பதினாறாம் பாடம், 'விடைபெறுதல்'. அவள் சேர்ந்த புதிதில் வகுப்பு எடுக்க நான் கொடுத்த நகல்.

"ஐயா, இதைப் பாத்துத்தான் எழுதினேன்." விரல் வைத்துப் படித்தாள். "'எந்த இடத்திலிருந்து கிளம்பினாலும், யாரிடமிருந்து கிளம்பினாலும், தமிழர் போகிறேன் என்று சொல்லமாட்டார், போய்ட்டு வரேன் என்றே சொல்வார். இதற்கு விதிவிலக்கு இல்லை.' விதிவிலக்கு இல்லைன்னு இருக்கே, ஐயா?"

இந்தி ஆசிரியர் கைபேசியை உற்றுப் பார்க்கத் தொடங்கினார்.

சாவு வீட்டு வழக்கத்தை விளக்கினேன். ஏன் சொல்வதில்லை, எப்படிச் சத்தமில்லாமல் எழுந்து வர வேண்டும், அந்த வீட்டாரும் ஏன் வாசல் வரை வரமாட்டார்கள், எல்லாவற்றையும் சொன்னேன். அவள் நோட்டை எடுத்து ஒரு வரி விடாமல் குறித்துக்கொண்டாள். அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

எழுதி முடித்துப் பேனாவை மூடிவிட்டுக் கேட்டாள். "ஆனா ஐயா, நாங்க அடுத்த வருஷமும் வருவோமே. ஒவ்வொரு வருஷமும் வருவோம். தாத்தா அங்கதானே இருக்கார்? வரேன்னு சொல்லாம எப்படிக் கிளம்பறது? அவர் காத்துட்டிருப்பாரே."

வகுப்பு இருக்கிறது என்று சொல்லி எழுந்துவிட்டேன். செவ்வாய் மதியம் எனக்கு வகுப்பு இல்லை. அது அவளுக்கும் தெரியும்.

ஏப்ரல் 9, புதன்

பதினாறாம் பாடத்தின் மூலப் பிரதியைத் தேடி எடுத்தேன். 'விதிவிலக்கு இல்லை' என்பதன் கீழ் இரட்டைக் கோடு. போட்டது யார் என்று தெரியவில்லை.

ஏப்ரல் 12, சனி

மழை. இருபத்துநான்கு பாடங்களையும் மறுபடி படித்தேன். 'என் வீடு' என்று ஒரு பாடம் இருக்கிறது. முற்றம், துளசி மாடம், பூஜை அறை. பன்னிரண்டு பேரும் அதை மனப்பாடமாக எழுதுவார்கள். பன்னிரண்டு பேரும் பதினெட்டு மாடிக் குடியிருப்புகளில் வளர்ந்தவர்கள்.

பாடம் பாடம்தான். அதில் என்ன தவறு?

ஏப்ரல் 17, வியாழன்

ஏழாம் பாடத்துக்கு இன்று சோதனை வகுப்பு. துறை ஆசிரியர்கள் எல்லாரும் கடைசி வரிசையில் உட்கார வேண்டும் என்று காவின் உத்தரவு. என் முழங்கால் அந்த மேசைக்கு அடியில் நுழையவில்லை.

பாடத்தை முடித்துவிட்டு இளவேனில், யார் ஊருக்குப் போய் வந்தீர்கள் என்று கேட்டாள். முல்லை எழுந்தாள். ஊரிலிருந்து கொண்டுவந்த பச்சை நிற மாவு அடையை முதலில் எல்லாருக்கும் கொடுத்தாள். எனக்கும் ஒன்று. ஏதோ மூலிகை வாசனை. உள்ளே வெல்லம் மாதிரி இனிப்பு.

"இதில் இறைச்சி இல்லை, சார்" என்று என்னிடம் தனியாகச் சொன்னாள்.

பிறகு பேசினாள். காகிதம் எதுவும் கையில் இல்லை.

"என் தாத்தா பேருந்து ஓட்டுநர். மலைச் சாலையில் இருபத்தாறு ஆண்டு ஓட்டினார். அவர் கல்லறையும் மலையில்தான். நாங்கள் ஒரு மணி நேரம் ஏறினோம். அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. அம்மா சொன்னார், இந்த மனிதர் செத்த பிறகும் நம்மை நடக்க வைக்கிறார். புல் நிறைய இருந்தது. நான் பிடுங்கினேன். கல் மேல் எறும்பு இருந்தது. மாமா துடைக்க வந்தார். நான் கொஞ்சம் பொறுங்கள் என்றேன். எறும்பு போன பிறகு துடைத்தோம். மாமா மது ஊற்றினார், அதிகமாக ஊற்றினார். அம்மா மாமாவைத் திட்டினார், நம் அப்பாவுக்கு மது வேண்டாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார் இல்லையா?"

வகுப்பு சிரித்தது. இளவேனில் காவுக்கு மொழிபெயர்த்துச் சொன்னாள். அவரும் சிரித்தார்.

"நான் தாத்தாவிடம் என் தேர்வு மதிப்பெண் சொன்னேன். குறைவான மதிப்பெண்ணைச் சொல்லவில்லை. கிளம்பும்போது தமிழில் சொன்னேன். தாத்தா, போய்ட்டு வரேன். அம்மா கேட்டார், என்னடி உளறுகிறாய், தாத்தாவுக்கு ஊர்ப் பேச்சுதான், மாண்டரினே சரியாக வராது. நான் பொருள் சொன்னேன். பிறகு அம்மாவும் சொல்லிப் பார்த்தார். அம்மாவுக்கு உச்சரிப்பு மிக மோசம், சார்."

கடைசி வாக்கியத்தை என்னைப் பார்த்துச் சொன்னாள். பதினேழு நாளைக்கு முன் என் மேசை முன்னால் கையால் சைகை காட்டிக்கொண்டு நின்ற அதே பெண்.

ஒன்பது பிழை. எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். ஐந்தாவதற்குப் பிறகு சரியாக எண்ணினேனா என்று தெரியவில்லை.

வெளியே வந்ததும் காவ் தோளைத் தட்டினார். "எப்படி?"

"ல, ள உச்சரிப்பு வேறுபடவில்லை" என்றேன்.

ஏப்ரல் 18, வெள்ளி

சிவகாமிக்கு அழைத்தேன். எடுக்கவில்லை.

ஏப்ரல் 20, ஞாயிறு

எடுத்தாள். கத்தரிக்காய் விலை, அவள் வீட்டுக்காரரின் சர்க்கரை, தெருவில் தோண்டிப் போட்ட பள்ளம் எல்லாவற்றையும் பற்றிப் பேசினோம். ஜூலையில் எனக்கு விடுமுறை உண்டு என்றேன்.

"ஒவ்வொரு ஜூலையிலயும்தான் விடுமுறை உண்டு" என்றாள்.

"டிக்கெட் விலை பாத்துட்டுச் சொல்றேன்."

"பாருங்க. பாத்துட்டு வழக்கம்போலச் சொல்லாம இருந்துராதீங்க."

இந்தப் பேச்சை எல்லாம் எதற்கு இங்கே எழுதுகிறேன்? இது தங்கையைப் பற்றிய குறிப்பல்ல.

ஏப்ரல் 24, வியாழன்

காவ் கூப்பிட்டு அனுப்பினார். தேநீர் கொடுத்தார். நேரடியாகக் கேட்கவில்லை, சுற்றி வந்தார்.

"கருத்து எதுவும் இன்னும் வரவில்லை. உங்கள் கருத்துக்காக எல்லாரும் காத்திருக்கிறோம்."

"ஏன், பயமா?"

"ஆமாம்" என்றார். இப்படி ஒரு பதிலை நான் எதிர்பார்க்கவில்லை. "லின் மூன்று வருடமாகச் சனி ஞாயிறு பார்க்காமல் எழுதினாள். உங்களிடம் உதவி கேட்கச் சொன்னேன். 'கேட்டேன், அவர் வேலையாக இருக்கிறார்' என்றாள். நான்கு முறை அதையேதான் சொன்னாள்."

வேலையாக இருக்கிறார். இவளிடம் வந்து நான் கேட்டேனா, எனக்காகப் பொய் சொல் என்று?

அறைக்கு வந்து கையெழுத்துப்படியையும் சிவப்புப் பேனாவையும் எடுத்தேன்.

ஏப்ரல் 29, செவ்வாய்

ஐந்து நாளாக வேறு எந்த வேலையும் செய்யவில்லை. துணி மூலையில் குவிந்து கிடக்கிறது.

எனக்கு இந்தத் திட்டத்தில் இப்போதும் உடன்பாடு இல்லை. மேலிடத்து உத்தரவுக்காக எழுதப்படும் பாடத்தை நான் மதிப்பதில்லை. அதிவேக ரயிலைப் பற்றிய ஒன்பதாம் பாடம் விளம்பரத் துண்டறிக்கை போல இருக்கிறது. அதை எடுத்துவிட்டு, பண்டிகைக்கு ஊர் திரும்புகிறவன் டிக்கெட் கிடைக்காமல் பன்னிரண்டு மணி நேரம் நின்றபடியே போகிற உரையாடல் ஒன்றை எழுதிச் சேர்த்திருக்கிறேன். அவர்கள் ஏற்பார்களோ மாட்டார்களோ. கொழுக்கட்டையை அடித்துவிட்டு ஜியாவ்ட்ஸ் என்றே போட்டேன். அதற்குத் தமிழ்ப் பெயர் தேவையில்லை. மொத்தம் நூற்றுப் பதினான்கு திருத்தம்.

ஏழாம் பாடத்தின் கடைசி வரிக்கு எதிரே 'மாற்ற வேண்டாம்' என்று எழுதினேன். அதன் கீழே ஆறு வரியில் ஓர் அடிக்குறிப்பு: தமிழர் சாவு வீட்டில் ஏன் சொல்லாமல் கிளம்புகிறார்கள், சீனர் கல்லறையில் ஏன் சொல்லிவிட்டுக் கிளம்பலாம் என்று. இரண்டும் தெரிந்தால்தான் மாணவன் எந்த வீட்டில் எப்படி நடப்பது என்று அறிவான். அந்த ஆறு வரிக்கு ஒரு முழு நாள் ஆயிற்று.

ஏப்ரல் 5 அன்று எழுதி வைத்த கடிதத்தை இன்னும் கிழிக்கவில்லை. பெயரும் பட்டங்களும் போட்ட அந்த இரண்டு பக்கத்தை இன்று மாலை மறுபடி படித்தேன். நடை நன்றாக இருந்தது. ஒரு தப்பும் இல்லை. உறையில் அதை வைக்கவில்லை.

உறைக்குள் திருத்திய படியும் ஒரு தாளும் மட்டும் இருக்கின்றன. தாளில் 'இந்தத் திருத்தங்களோடு அச்சிடலாம்' என்று ஒரே வரி. கீழே பெயருக்கு ஓர் இடம் விட்டிருக்கிறார்கள். முதலில் பெயரை எழுதினேன். பிறகு புதிய தாள் எடுத்தேன். பெயர் போட்டால் இளவேனில் முன்னுரையில் நன்றி சொல்வாள். காவ் கூட்டத்தில் எழுந்து நின்று என்னைப் பாராட்டுவார். ஆறு முறை அச்சிட மறுத்தவர்கள், ஏழாவதாக அடுத்தவள் நூலில் என் பெயரைப் பொடி எழுத்தில் போட்டுக் கணக்கைத் தீர்த்துவிடுவார்கள். அந்த வாய்ப்பை நான் அவர்களுக்குத் தருவதாக இல்லை.

சிவப்பு மையைப் பார்த்ததுமே யாருடைய கை என்று அவள் கண்டுகொள்வாள். கண்டுகொள்ளட்டும். கேட்டால் இல்லை என்பேன்.

நாளை எட்டரை மணிக்குக் குழுவின் பெட்டியைக் கடைசி முறையாகத் திறப்பார்கள். அதற்கு முன் போய்ப் போட்டுவிடுவேன். பெயரில்லாமல்.